அப்பாவுக்காக நான் போட்ட கையெழுத்து

குடல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அப்பா ஐசியூவில் இருந்தார். ஒன்பதாம் நாள் இரவு குளிர் தூக்கிப் போட்டது, பிரஷர் இறங்கியது. இரண்டு கைகளிலிருந்தும் ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். கழுத்தில் இருந்த சென்ட்ரல் லைனை, அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றும் குழாயை, எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். மறுநாள் மதியம் கிருமி வளர்வதாக லேபிலிருந்து தகவல் வந்தது. அதற்கடுத்த நாள் முழு ரிப்போர்ட்: கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் உட்பட ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் நேராக 'ஆர்' என்று இருந்தது. ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அசையாது.

அன்று மாலை டாக்டர் எங்களைத் தனியறைக்குக் கூப்பிட்டார். இப்படி ஆஸ்பத்திரியில் வந்த ரத்தத் தொற்றுக்கு ஒரு புதிய ஆன்டிபயாடிக்கை ஆராய்ந்து வருகிறார்கள், அப்பாவைச் சேர்க்கலாமா என்று கேட்டார். "அப்பாவை வச்சு சோதனை பண்ணப் போறாங்களாடி?" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அதே பயம்தான். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இல்லை. அதனால் அவர் சார்பில் நான் முடிவெடுக்க வேண்டும். கல்ச்சர் எடுத்த நேரத்திலிருந்து இத்தனை மணி நேரத்துக்குள் சேர்ந்தாக வேண்டும் என்று கெடு வேறு இருந்தது. மறுநாள் காலை வரை நேரம் கொடுத்தார்கள்.

தமிழில் இருந்த சம்மதப் படிவத்தை ஐசியூ வாசலில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். மனிதருக்கு முதன்முறையாகக் கொடுக்கும் மருந்து அல்ல, ஏற்கெனவே சிலருக்குக் கொடுத்துப் பார்த்த பிறகு நடக்கும் மூன்றாம் கட்ட ஆய்வு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை நிற்காது. ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும் என்று மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகள் சொல்கின்றன. ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பரும் இருந்தது. அந்த நம்பரை அங்கேயே போனில் பதிந்துகொண்டேன். இந்த நிலையில் யார் இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

ஒரு கேள்வி மட்டும் உறுத்தியது. எந்த மருந்து கேட்கும் என்று லேபிலேயே தெரிகிறதே, அப்புறம் நோயாளியிடம் எதற்கு ஆய்வு? டாக்டர் பொறுமையாக மெரினோ என்ற ஆய்வைப் பற்றிச் சொன்னார். முடிவு 2018இல் வந்தது. மெரோபெனம், பிப்பெராசிலின்-டாசோபாக்டம் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குக்குமே கிருமி கட்டுப்படும் என்று லேப் சொன்ன ரத்தத் தொற்று நோயாளிகள்தான் அதில் இருந்தார்கள். மெரோபெனம் பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 3.7 சதவீதம். பிப்பெராசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 12.3 சதவீதம். லேப் தட்டில் ஒன்றுபோலத் தெரிந்தவை உடம்புக்குள் ஒன்றாக இல்லை. அதைக் கேட்டபோதுதான் மனம் சம்மதித்தது. நான் பேசி, கையெழுத்துப் போட்டதை வீடியோவும் எடுத்தார்கள்.

ஆய்வில் யாருக்குப் புதிய மருந்து, யாருக்குப் பழையது என்பதைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கல் போலத் தீர்மானிக்கும், டாக்டரால் கூட மாற்ற முடியாது. அப்பாவுக்கு வந்தது பழைய மருந்து, கோலிஸ்டின். புதியது கிடைக்கும் என்றே நம்பியிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. 1940களில் கண்டுபிடித்த மருந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று இடையில் ஒதுக்கி வைத்து, வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தது. "இப்போதைக்கு ஆய்வுக்கு வெளியே இருந்தாலும் இதைத்தான் கொடுத்திருப்போம். பழையதோடு ஒப்பிடாமல் புதியது நல்லதா என்று எப்படிச் சொல்வது?" என்றார் ஆய்வு நர்ஸ்.

அப்புறம் தினமும் கிரியாட்டினின், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. 0.9 என்று இருந்தது 1.8 வரை ஏறியது. மருந்தின் அளவைத் திருத்தினார்கள், மெதுவாக இறங்கியது. ஆறாம் நாள் எடுத்த கல்ச்சரில் கிருமி வளரவில்லை.

நினைவு தெளிந்ததும் அப்பாவிடமே மறுபடியும் சம்மதம் கேட்க வேண்டும் என்பது விதி. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் படித்தார். கால் மணி நேரம் பேசவே இல்லை. "எனக்குப் பழசுதானா?" என்றார். ஆமாம்பா என்றேன். "அப்ப என் கணக்கும் அவங்களுக்கு வேணும்ல" என்று பேனாவைக் கேட்டார். கை நடுங்கியது, பிடித்துக்கொள்ளப் போனேன். விடவில்லை, தானே போட்டார்.