அமரோனேவும் ஏரி மீனும்

எங்கள் உணவகத்தில், இத்தாலியின் கார்டா ஏரியின் லவரெல்லோ மீனை வாட்டித் தரச் சொல்லி, கூடவே ஒரு புட்டி அமரோனே சிவப்பு ஒயின் கேட்ட அந்த விருந்தினரிடம் நான் ஒன்றும் பேசாமல் குறித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. "அமரோனேவின் பலத்துக்கு முன்னால் இந்த மீனின் ருசி தெரியாது. மீனோடு ஒரு கோப்பை லுகானா வெள்ளை ஒயின் அருந்துங்கள், அமரோனேவைப் பிறகு முதிர்ந்த பாலாடைக்கட்டியோடு கொண்டுவருகிறேன்" என்றேன். அவர் சற்று நேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார். அது சம்மதமா, விட்டுக்கொடுத்தலா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் காரணமில்லாமல் சொல்லவில்லை. வெரோனாவுக்கு வடக்கே வல்பொலிச்செல்லாவில் விளையும் கோர்வினா, கோர்வினோனே, ரொண்டினெல்லா திராட்சைகளைப் பறித்தவுடன் நசுக்காமல், காற்றோட்டமான அறைகளில் பரப்பி மாதக்கணக்கில் உலரவைத்து, எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகுதான், அதுவும் விதிப்படி டிசம்பர் 1-க்கு முன்னதாக அல்லாமல், அமரோனே ஒயினாக்கத் தொடங்குகிறார்கள். அப்படிச் செறிந்த சர்க்கரை பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்துவிடுவதால் இனிப்பு அடங்கி, ஆல்கஹால் குறைந்தது 14 விழுக்காடாகவும் பல புட்டிகளில் 15, 16 ஆகவும் ஏறிவிடுகிறது. அதற்கும் மேல் குறைந்தது 2 ஆண்டுகள் முதிர வேண்டும். இத்தனை பேருடைய உழைப்பும் பொறுமையும் அடங்கிய ஒன்றைத் திறக்கும்போது, அது தனக்கேற்ற உணவோடு மேசைக்கு வர வேண்டும் என்று நினைப்பதை நான் அதிகப்பிரசங்கித்தனமாகக் கருதவில்லை.

ஏற்ற உணவு எது என்பதிலும் எனக்குக் குழப்பம் இல்லை. ஒயினிலேயே மணிக்கணக்கில் வெந்து குழைந்த மாட்டிறைச்சி, வெரோனாக்காரர்கள் குதிரை இறைச்சியில் செய்யும் பாஸ்திசாதா, வாத்து, காட்டுப்பன்றி, அமரோனேவையே ஊற்றிக் கிளறிய ரிசோட்டோ சோறு, நன்கு முதிர்ந்த மோந்தே வெரோனேசே பாலாடைக்கட்டி. கொழுப்பும் புரதமும் உப்பும் அமரோனேவின் துவர்ப்பைத் தணிக்கின்றன, ஒயினின் உலர்பழ மணம் அப்போதுதான் விரிகிறது. மிளகாய்க் காரம் மட்டும் ஆகாது, ஆல்கஹாலின் எரிச்சலை அது இன்னும் கூட்டிவிடும். மென்மையான ஏரி மீனில் இந்த ஒயினுக்கு ஈடுகொடுக்க எதுவும் இல்லை.

அவர் மீனை லுகானாவோடு உண்டார். பாலாடைக்கட்டி வந்தபோது வயிறு நிறைந்திருந்தது போலும், அமரோனேவில் ஒரு கோப்பைக்கு மேல் அருந்தவில்லை. மீதியை மூடிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ஒயின் மிக நன்றாக இருந்தது. ஆனால் இதை மீனோடு குடித்துப் பார்க்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. ஏன் அந்த ஆசை என்று நான் கேட்கவில்லை. எங்கள் மூத்த சகா பிறகு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அவர் உன்னிடம் யோசனை கேட்டாரா?"

கேட்கவில்லைதான். ஆனால் அந்தச் சேர்க்கை கசந்திருந்தால் அவர் அமரோனேவையே குறைவாக எண்ணியிருப்பாரே என்று அன்று பதில் சொன்னேன், இன்றும் அப்படியே சொல்வேன். அதே நேரம், சிவப்பு ஒயினையும் மீனையும் பிரிக்க நாங்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் அமரோனேவுக்கு முழுமையாகப் பொருந்துகின்றனவா என்று யோசித்தால் என் உறுதி தளர்கிறது. கோர்வினா இயல்பில் துவர்ப்பைத் தரும் டானின் மிகுந்த திராட்சை அல்ல, உலர்த்துவதால் செறிவு கூடினாலும் பரோலோ என்ற சிவப்பு ஒயினின் நெபியோலோ திராட்சை அளவுக்கு அது நாக்கைப் பிடிப்பதில்லை. மீனோடு சேரும்போது எழும் உலோக வாடைக்கு ஒயினில் உள்ள இரும்பு ஒரு காரணம், அது புட்டிக்குப் புட்டி மாறக்கூடியது. அப்படியானால் அந்த இரவில் நான் தடுத்தது ஒரு கெட்ட அனுபவத்தையா, அவர் தாமாகவே அறிய விரும்பிய ஒன்றையா?

அதற்குப் பிறகும் இதே சேர்க்கையைக் கேட்டவர்களிடம் நான் பேசாமல் இருந்ததில்லை. லுகானாவைச் சொல்லிவிட்டு, "அல்லது அமரோனேவையே மீனோடு திறக்கட்டுமா?" என்று சேர்த்துக் கேட்கிறேன், அவ்வளவுதான் மாற்றம். பெரும்பாலோர் நான் முதலில் சொன்னதையே ஏற்றுக்கொள்கிறார்கள். அதில் நிம்மதி கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அவரும் ஏற்றுக்கொண்டவர்தான்.