ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

"நீங்கள் எண்டால் என்ன செய்வீங்கள், பிள்ளை?" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் சொல்லலாம். இதே மருந்தில் விலை குறைந்தது இருக்கிறதா என்றால் எடுத்துக் காட்டலாம். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் படித்த படிப்பில் பதில் இல்லை. 2021இல், கொரோனா ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் பார்மசிக்கு மருந்து வாங்க வரும் ரீச்சர் இதைக் கேட்டபோது நான் பதில் சொன்னேன். சொன்னது சரிதான் என்று எனக்கு நானே எத்தனையோ தரம் நிரூபித்துவிட்டேன். சரியென்றால் எதற்கு இத்தனை தரம் நிரூபிக்க வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த மாதங்களில் பார்மசியில் நின்றவர்களுக்கு நிலைமையை விவரிக்கத் தேவையில்லை. வெளியே ஒரு மீற்றர் இடைவெளியில் வரிசை. பனடோல் முடிந்துவிட்டதா என்று தூரத்திலிருந்தே கேட்கும் குரல்கள். அரசாங்கக் கிளினிக் மருந்து தபாலில் வந்துகொண்டிருந்த காலம். தனியாரில் சனல் பண்ணலாம், காசு கட்டி டொக்டரைப் பார்க்கலாம் என்றால், ரீச்சர் காட்டுகிற மூட்டுவாத டொக்டர் வருவதை நிறுத்தியிருந்தார். போன் எடுத்தால் "அடுத்த அறிவித்தல் வரைக்கும் இல்லை" என்று ஒரு பிள்ளை அலுப்போடு சொல்லும்.

ரீச்சருக்கு மூட்டுகள் வீங்கி வலிக்கிற முடக்குவாதம், கனகாலமாக. ஞாயிற்றுக்கிழமை, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வாதத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மில்லிகிராம் குளிசை ஆறு, மற்ற நாட்களில் ஃபோலிக் அசிட், தினமும் காலையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் 5 மில்லிகிராம். மெத்தோட்ரெக்ஸேட் கொடுக்கும்போது காகித உறையில் சிவப்புப் பேனையால் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போடுவது என் வழக்கம். கிழமைக்கு ஒருதரம் எடுக்கவேண்டியதைத் தெரியாமல் தினமும் எடுத்து, எலும்பு மச்சை பழுதாகி இறந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ரீச்சருக்கு அந்தக் கோடு தேவையில்லை. கணக்குப் படிப்பித்தவர். உறையை வாங்கியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கவுண்டரிலேயே குளிசைகளைக் கொட்டி, ஆறு ஆறாகத் தள்ளி எண்ணுவார். ஒருநாளும் பிழை பிடித்ததில்லை. பிடித்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அன்று பின்னேரம் அவர் வந்தது குளிசைக்கு இல்லை. மறுநாள் காலையில் தங்கள் பிரிவுக்குக் கொரோனா ஊசி என்று ஜி.எஸ். (கிராமசேவகர்) சொல்லியிருக்கிறார். சீனாவின் சினோஃபாம். அதற்குள் குடும்ப வைபர் குழுவில் இரண்டு குரல் பதிவுகள். ஒன்று, இப்படிப்பட்ட வருத்தக்காரர் இந்த ஊசியைத் தொடவே கூடாது என்று யாரோ ஒருவர். மற்றது, கனடாவில் ஸ்காபரோவிலிருந்து ரீச்சரின் தங்கச்சியின் மகள். அவளுக்கும் இதே வாதம், இதே மருந்து. ஊசி போட்டபிறகு ஒரு கிழமை மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கவேண்டாம் என்று அங்கே அவளுடைய டொக்டர் சொன்னாராம்.

முதலாவதுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் பயப்படவேண்டியது உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த ஊசிகளுக்கு. அம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி மாதிரி. சினோஃபாமில் இருப்பது செத்த வைரஸ். உடம்பு எவ்வளவு அடங்கிக் கிடந்தாலும் அதற்குள் அது பெருகாது. ஊசி குறைவாக வேலை செய்யலாம், ஆனால் ஊசியால் நோய் வராது. "போடுங்கோ ரீச்சர், அதிலே பயமில்லை." இதை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். (போன வருசம் ஆபிரிக்காவுக்கு வேலைக்குப் போக இருந்த ஒரு தம்பி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அஸதியோப்ரின் வாங்கிக்கொண்டே மஞ்சள் காய்ச்சல் ஊசி போடப்போவதாகச் சொன்னார். மருந்துச் சீட்டோடு முதலில் டொக்டரிடம் போங்கோ, அதுக்குமுன் ஊசிப் பக்கம் போகாதீங்கோ என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சுகம்.)

இரண்டாவதுதான் சிக்கல். தங்கச்சியின் மகள் சொன்னது கதையில்லை என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவின் மூட்டுவாத மருத்துவர்களின் சங்கம் 2021 பெப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டலில் அது இருந்தது. வாதம் அடங்கியிருப்பவர்கள் ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் ஒரு கிழமை மெத்தோட்ரெக்ஸேட்டை விடலாம். ஆனால் அது ஃபைசர், மொடேர்னா வகைக்குச் சொன்னது. சினோஃபாம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கொழும்பில் இருக்கிற எங்களுக்கு எப்போதும் இதுதான் கதி. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்து, கை நீளம் என்றால் மடித்துக்கொள்ள வேண்டும்.

"டொக்டரைக் கேட்டுச் செய்யிறதுதான் நல்லது, ரீச்சர்."

"எந்த டொக்டரை, பிள்ளை?"

கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை விடையைச் சொல்லிவிட்டு வழியைக் காட்டாமல் விட்டால் எப்படிக் கேட்பாரோ, அப்படி. நான் முழிக்க, அடுத்த கேள்வி வந்தது. நீங்கள் எண்டால் என்ன செய்வீங்கள்?

"என்ர அம்மாவுக்கு இந்த வருத்தம் எண்டால், வாற ஞாயிறு அந்த ஆறு குளிசையையும் விடச் சொல்லுவன். அடுத்த ஞாயிறு பழையபடி. பிரெட்னிசோலோனை மட்டும் ஒருநாளும் விடாதீங்கோ."

ஏன் என்று கேட்டார். கேட்பார்தானே. ஊசி போட்டதும் உடம்பில் சில கலங்கள் அந்த வைரஸை அடையாளம் பிடித்துப் பெருகவேண்டும், மெத்தோட்ரெக்ஸேட்டின் வேலையே அப்படிப் பெருகுவதைத் தடுப்பது என்று சொன்னேன். முகக்கவசத்துக்குள்ளால் பாதி கேட்டிருக்காது. அதனால் சுருக்கி, "பாடம் நடக்கிற நேரம் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியிலே அனுப்பினா எப்பிடி ரீச்சர் படிப்பினம்?" என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டு போனார். எனக்கும் அன்று இரவு வரை என்னைப்பற்றி நல்ல அபிப்பிராயம்.

இதில் என் அம்மா ஏன் வந்தார் என்று பிறகு யோசித்தேன். அம்மாவுக்கு பிரஷர் மட்டும்தான். டொக்டர் எழுதிய மருந்தை நிறுத்து என்று சொல்லும் உரிமை கவுண்டரில் நிற்கிற எனக்கு இல்லை. மகளுக்கு இருக்கிறது. அதனால் அரை நிமிடம் மகளாக மாறிக்கொண்டேன். ஆனால் வெள்ளை மேலங்கியைக் கழற்றவில்லையே. ரீச்சர் யாருடைய பேச்சைக் கேட்டார், மகளுடையதையா, மேலங்கியுடையதையா? இப்படி நினைத்தால் நான் தந்திரம் செய்ததாகப் படுகிறது. இன்னொரு நாள் நினைத்தால், நாளைக்கு ஊசி என்று வந்து நிற்கிற மனுசிக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் அனுப்பியிருந்தால் அது எவ்வளவு கேவலம் என்று படுகிறது. பிரெட்னிசோலோனைப் பற்றிச் சொன்னதையாவது யாரும் குறைசொல்ல முடியாது. வருசக்கணக்காக அதை எடுப்பவரின் உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று விட்டால் ஆளையே சாய்த்துவிடும். மருந்தை விடலாம் என்ற பேச்சு காதில் விழுந்தால் ஆட்கள் எதை விடுவார்கள் என்று சொல்ல முடியாது.

ரீச்சர் அதை விடவில்லை. மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான், நான் சொன்னபடி ஊசி போட்டபிறகு வந்த ஞாயிறு விட்டார். அதற்கடுத்த ஞாயிறு உறையைத் திறக்கப்போனவர் யோசித்திருக்கிறார். இரண்டாவது ஊசி நாலு கிழமையில். அதற்குள் திரும்பத் தொடங்கி, திரும்ப நிறுத்துவானேன்? பாடம் இன்னும் முடியவில்லையே, பிள்ளைகள் வகுப்பிலேயே இருக்கட்டும். இடையில் வந்த ஞாயிறுகள் எல்லாவற்றையும் விட்டார். இரண்டாவது ஊசி போட்டபிறகு, பிள்ளை சொன்னது என்று இன்னொரு கிழமையும்.

அவர் அடுத்த முறை வந்தபோது கைப்பையை அப்படியே என்னிடம் நீட்டினார், காசை நானே எடுக்கச் சொல்லி. விரல் மொளிகள் பளபளவென்று வீங்கியிருந்தன. சிப்பை இழுக்க முடியவில்லை. மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றினாராம். உறையைக் கொடுத்தேன், குளிசையை எண்ணாமலே பைக்குள் வைக்கச் சொன்னார். பிறகு நன்றி சொன்னார். "நீங்கள் சொன்னபடியால் ஊசி நல்லாப் பிடிச்சிருக்கும், பிள்ளை." ஊசி பிடித்ததா இல்லையா என்று யார் அளந்தார்கள்? வாதம் கிளம்பியதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

நான் சொன்னது ஒரு கிழமை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனவே என்னில் குற்றமில்லை என்று முடித்துவிடலாம். முடியாமல் இருப்பது அவருடைய கணக்கில் பிழை காட்ட முடியாததால். விதியை மட்டும் சொல்லியிருந்தால் விதிப்படி நடந்திருப்பார். உறையில் இரண்டு கோடு போட்டதை இத்தனை வருசம் மீறாதவர். நான் காரணத்தையும் கொடுத்தேன். அவர் காரணத்தைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போனார். நோயாளிக்குக் காரணத்தை விளங்கப்படுத்துங்கள், அப்போதுதான் மருந்தை ஒழுங்காக எடுப்பார்கள் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். நானும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அதையே சொல்கிறேன். காரணத்தைக் கொடுத்தால் அதை வைத்துத் தானாக யோசிக்கிற உரிமையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அல்லது சொல்லியிருப்பார்கள், நான் அந்த விரிவுரைக்குப் போயிருக்கமாட்டேன்.

2022இல் பிரித்தானியாவில் நடந்த ஒரு ஆய்வின் முடிவு வந்தது. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிற 254 பேர். பூஸ்டர் போட்டபிறகு ஒரு பாதிப்பேர் இரண்டு கிழமை மருந்தை நிறுத்தினார்கள், மற்றவர்கள் தொடர்ந்து எடுத்தார்கள். நிறுத்தியவர்களுக்கு எதிர்ப்பொருள் இரண்டு மடங்குக்கும் மேல். வாசித்ததும் எனக்கு ஒரு வெற்றிக்களிப்பு, மறைக்க என்ன இருக்கிறது. கீழே வாசித்தால், நிறுத்தியவர்களுக்குத்தான் வாதம் கிளம்பியதும் கூட. அதாவது ஆய்வு என் பக்கமும் நிற்கிறது, வீங்கிய விரலின் பக்கமும் நிற்கிறது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு எப்போது திரும்பத் தொடங்குவது என்று தெளிவாகச் சொல்லி, பின்னால் பார்ப்பதற்கு ஒரு மருத்துவர் குழு இருந்தது. ரீச்சருக்கு இருந்தது ஒரு உவமை.

முதலாளியிடம் சொன்னேன். மனுசன் நல்லவர், சுருக்கமாகப் பேசுவார். "டொக்டரைக் கேளுங்கோ எண்டு சொல்லு. நீ நிம்மதியா நித்திரை கொள்ளலாம்."

சரி, அப்படியே செய்வோம் என்று இருந்தேன். அதே 2021 ஆவணியில் ஒரு இளம்பெண் வந்தாள். எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிற லூபஸ் வருத்தம், அதை அடக்க மைகோஃபெனோலேட் எடுக்கிறவள். அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே அவசரம். ஊசி போடலாம், மருந்தை நீங்களாக நிறுத்தாதீங்கோ, மற்றதை டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கோ என்றேன். அப்பழுக்கில்லாத பதில். அவள் டொக்டரைக் கேட்கும்வரை ஊசியைத் தள்ளிவைத்தாள். 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. ஒக்டோபர் முதலாம் திகதி வரை நீண்டது. அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, மெலிந்துபோய்த் திரும்பி வந்தாள். அவளும் என்னில் குறை சொல்லவில்லை. ஊசி போட்டிருந்தால் வந்திருக்காது என்று சொல்ல முடியாது, அவளுடைய மருந்துக்கு ஊசி எவ்வளவு பிடித்திருக்குமோ. இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்கிறேன். ரீச்சர் விசயத்தில் மட்டும் இந்தச் சமாதானம் ஏன் வேலை செய்வதில்லை? முதலாளி சொன்ன நித்திரையும் வரவில்லை.

அந்த ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இன்னொரு ஊசி வேண்டும் என்றது. சினோஃபாம் போட்ட 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் வேண்டும் என்றது. ரீச்சர் இரண்டு பட்டியலிலும் இருந்தார். நவம்பரில் இங்கே மூன்றாவது ஊசியாக ஃபைசர் தொடங்கியது. அப்போது அவருடைய டொக்டரும் திரும்ப உட்காரத் தொடங்கியிருந்தார். ரீச்சர் சனல் பண்ணிப் போய்க் கேட்டார். ஊசியைப் போடுங்கோ, குளிசையை ஒரு கிழமையும் விடவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார். "அவர் சொல்லுறது சரியே, பிள்ளை?"

சரிதான். மருந்தை விடலாம் என்பது வாதம் அடங்கியிருப்பவர்களுக்குத்தான், ரீச்சருக்கு அது இன்னும் அடங்கவில்லை. சரி என்றேன். ஏன் அடங்கவில்லை என்பதை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. காரணமும் சொல்லவில்லை, உவமையும் சொல்லவில்லை. ஆனால் ரீச்சர் என்னை விடவில்லை. பைக்குள்ளிருந்து போனை எடுத்து என் முன்னால் நீட்டி, சொன்னதைத் திரும்ப ஒருக்கால் இதிலே சொல்லுங்கோ என்றார். சொன்னேன். ஸ்காபரோவுக்கு அனுப்பினார். அங்கிருந்து என்ன பதில் வந்தது என்று எனக்குச் சொல்லவில்லை. அந்த ஞாயிறு குளிசை எடுத்தாரா என்று நானும் கேட்கவில்லை.