ஏழு ஸ்டேஷன் தூரத்தில் ஒரு பாட்டு

நாற்பது நிமிஷமாக வரிசையில் நிற்கிறோம். கோயில் இல்லை, ரேஷன் கடை இல்லை. கடலுக்குள் கொஞ்ச தூரம் நீண்டிருக்கும் ஒரு கல் தடுப்பு, அவ்வளவுதான். அதன் நுனியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் இத்தனை கூட்டம். கொரியாவின் கிழக்குக் கரையில் கங்நுங் நகரத்துக்கு வடக்கே, ஜுமுன்ஜின் பக்கம். 2016 டிசம்பரில் தொடங்கிய 'காப்ளின்' தொடரில் நாயகி பிறந்தநாள் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க, நாயகன் கையில் வெள்ளைப் பூக்களோடு வந்து நிற்கிற இடம் இதுதான். அதே மாதிரிப் பூங்கொத்தும் சிவப்பு மஃப்ளரும் கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன.

"அக்கா, இதுக்காகவா திருச்சியிலேர்ந்து வந்தே?" என்றாள் தங்கை.

அவள் நான்கு வருஷமாக சூவொனில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறாள். மொழி நன்றாகப் பேசுவாள், கிம்ச்சி ஊறப்போடுவாள். ஆனால் ஒரு கொரியத் தொடரைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. "வேலை முடிஞ்சு வந்து இவங்க அழறதை வேற பார்க்கணுமா?" என்பாள்.

என் முறை வந்தது. தொடரில் அந்த இடத்தில் வரும் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு நின்றேன். காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது. மீதிப் பாதிக்குள், எனக்குப் பின்னால் நின்றவரின் ஸ்பீக்கரிலிருந்து அதே பாட்டு வேறொரு வரியில் ஓடிக்கொண்டிருந்தது. போட்டோ நன்றாக வந்தது. பாட்டு வரவில்லை.

கங்நுங் திரும்பி, சோயாப் பாலில் கடல்நீர் ஊற்றித் திரிக்கும் சோடாங் டோஃபுவைச் சூடாக ஒரு கிண்ணம் சாப்பிட்டோம். அந்த நாளில் என் கண் கலங்கியது அதில் போட்டிருந்த மிளகாய்ப்பொடிக்குத்தான்.

கொரியத் தொடர்கள் எனக்குப் பிடித்துப்போனது காது வழியாக. 2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழில் பேசவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் நானும் இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு உட்காருவோம். வசனமெல்லாம் தமிழ். திடீரென்று யாராவது மழையில் நடக்க ஆரம்பித்தால் ஒரு கொரியக் குரல் எழும். அதை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அம்மா சொல்வார்: "என்ன சொல்றான்னு தெரியலை. ஆனா இவ்வளவு நேரம் தமிழ்ல பேசினதைவிட இதுதான் புரியுது."

அந்த ஊரில் இந்தப் பாட்டுகளுக்குப் பெயரே 'ஓஎஸ்டி'தான், ஒரிஜினல் சவுண்ட்டிராக் என்பதன் சுருக்கம். நம் ஊரில் பாட்டு முதலில் வந்துவிடும். அதை ஆறு வாரம் கேட்டு மனப்பாடம் ஆன பிறகு தியேட்டரில், இது எங்கே வரப்போகிறது என்று காத்திருப்போம். அங்கே தலைகீழ். வாரத்துக்கு இரண்டு எபிசோட் போகப் போக, பாட்டும் பார்ட் 1, பார்ட் 2 என்று ஒவ்வொன்றாக வெளிவரும். அதனால் பாட்டு முதன்முதலாகக் காதில் விழும்போதே ஒரு முகத்தோடுதான் விழுகிறது. அதே சமயம், பாத்திரம் வாயசைப்பதும் இல்லை. அவள் பாட்டுக்கு பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அவள் சொல்லாமல் விழுங்கியதை வேறு யாரோ பின்னாலிருந்து பாடிக்கொண்டிருப்பார்கள். நான்கு எபிசோட் கழித்து பியானோவில் முதல் இரண்டு கட்டை விழுந்தாலே போதும், நமக்குத் தொண்டை அடைக்கும். 'காப்ளின்', 'மிஸ்டர் சன்ஷைன்', 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' மூன்றுக்கும் இசைப் பொறுப்பு நாம் ஹே-சுங் என்கிற ஒரே அம்மாள்தான் என்று தெரிந்தபோது, நாம் அழுவதை எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார் என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில தொடர்களில் குடை விரித்தால் பாட்டு, ஷூ லேஸ் கட்டினால் பாட்டு. மெதுவாகப் பியானோ, இரண்டாம் சரணத்தில் வயலின் கூட்டம், கடைசியில் சுருதியை ஏற்றி ஒரு கூவல். பத்துத் தொடர் பார்த்தால் அச்சு தெரிந்துவிடும்.

என்னை அசைத்த பாட்டில் அந்தக் கூவல் இல்லை. 2020 ஊரடங்கில் 'ரிப்ளை 1988' பார்த்தேன். சியோலின் வடக்கோரத்தில் சாங்முன்-டோங் என்ற பேட்டையில், 1988 ஒலிம்பிக்ஸ் சமயத்தில் ஒரே சந்தில் வளரும் ஐந்து பிள்ளைகள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுக் கிண்ணம் இன்னொரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து வேறொரு கிண்ணம் திரும்பி வரும். எங்கள் உறையூர்த் தெருவில் நடந்ததுதான். அதில் பாக் போ-ராம் என்ற இளம் பாடகி பாடிய ஒரு பாட்டு. மறந்தே போயிருந்த ஒரு நண்பனிடமிருந்து போன் வருகிறது. நாளைக்கு ரொம்ப தூரம் போகிறேன், சின்ன வயசில் ஓடி விளையாடிய சந்துக்கு வா என்கிறான். தடதடக்கும் ரயிலேறிப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். பாட்டின் பெயர் 'ஹேஹ்வா-டோங், அல்லது சாங்முன்-டோங்'.

அந்த 'அல்லது' என்னைத் தொந்தரவு செய்தது. இரண்டும் வேறு வேறு பேட்டைகள். தேடிப்போனால் மானம் போனது. புதுப்பாட்டு என்று நான் ஒரு வருஷமாக எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது பழைய பாட்டு. டோங்முல்வொன் என்ற குழு 1988இல் போட்டது, அப்போது தலைப்பு வெறும் 'ஹேஹ்வா-டோங்'தான். குழுவின் பெயருக்கு மிருகக்காட்சிசாலை என்று அர்த்தம். பாட்டை எழுதிய கிம் சாங்-கி பின்னாளில் மனநல மருத்துவர். அப்பாவின் முன்னால் ரீமிக்ஸ் பாட்டைப் போட்டுவிட்டு, "இதோட ஒரிஜினல் தெரியுமா உனக்கு?" என்று வாங்கிக்கட்டிக்கொண்ட அதே வெட்கம்.

தோண்டத் தோண்ட அந்தத் தொடரின் பாட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான். 'சொங்சுன்', அதாவது இளமை, சானுல்லிம் குழுவின் 1981 பாட்டு. அப்போது 27 வயதில் இளமை போய்விடுமே என்று பாடிய கிம் சாங்-வான், 61 வயதில் கிம் ஃபில் என்கிற இளைஞனோடு சேர்ந்து அதே பாட்டைத் தொடருக்காகப் பாடியிருக்கிறார். லீ ஜொக் பாடிய, கவலைப்படாதே என்று தோளைத் தட்டும் பாட்டு, உண்மையில் ஜொன் இன்-க்வொனுடையது. தொடர் முடிந்த அதே 2016இன் நவம்பரில், சியோலின் குவாங்வாமுன் சதுக்கத்தில் அதிபருக்கு எதிராக நடந்த மெழுகுவர்த்திப் போராட்டத்தில் அவரே மேடையேறிப் பாட, கூட்டமே சேர்ந்து பாடியது.

ஆக, கடற்கரையில் போட்டோவுக்கு நின்றது வெறும் முன்னோட்டம். நான் நிஜமாகப் போக நினைத்த இடம் இந்த 'அல்லது'வின் இரண்டு பக்கமும். 2024 நவம்பர் முதல் வாரம், ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், சியோல் மெட்ரோவின் நான்காம் லைனில் ஏறினோம்.

முதலில் சாங்முன். ஸ்டேஷனெல்லாம் டூலி என்கிற பச்சைக் குட்டி டைனோசர். அந்தக் கார்ட்டூன் கதையும் இந்தப் பேட்டையில்தான் நடக்கிறது. 'ஸ்க்விட் கேம்' நாயகனும் இந்த ஊர்க்காரன்தான். பணக்கார ஊர் இல்லை என்று கதை எழுதுபவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே வந்தால் மூன்று, நான்கு மாடிச் செங்கல் வீடுகள். இதற்கு 'பில்லா' என்று பெயர். வில்லாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், எந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லை. நடுநடுவே உயர உயரமான அபார்ட்மெண்டுகள். ஒரு மதிலுக்கு மேல் பெர்சிமன் பழங்கள் ஆரஞ்சாகப் பழுத்துத் தொங்கின. நான் தேடிய சந்து இல்லை. இருக்காது என்று எனக்கே தெரியும். தொடரின் சந்து செட் போட்டு எடுத்தது. இருந்தாலும் ஒரு மணி நேரம் நடந்தேன். ஒரு பாட்டி கதவைத் திறந்து மூடிபோட்ட கிண்ணத்தோடு வெளியே வந்தார். மனசு துள்ளியது. அவர் தெருப்பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்ப ரயில். சாங்முன்னிலிருந்து ஹேஹ்வாவுக்கு ஏழு ஸ்டேஷன். இந்த லைனின் இந்தப் பகுதி 1985இல் ஓட ஆரம்பித்தது, ஆகவே பாட்டில் தடதடக்கிற ரயில் இதுவாகவும் இருக்கலாம். இப்போது தடதடக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாக் போ-ராமின் குரலைப் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் அதே வருஷம் ஏப்ரலில் இறந்துபோயிருந்தார். 30 வயது. சுயூ, மியா, கிரும் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக அறிவித்துக்கொண்டே போனார்கள். நான் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டதில் ஹேஹ்வா வந்ததைத் தங்கைதான் தோளைத் தட்டிச் சொன்னாள்.

ஹேஹ்வாவில் இறங்கினால் தேஹாங்னோ, பல்கலைக்கழகத் தெரு. 1975 வரை சியோல் தேசியப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருந்தது. மாணவர்கள் போய்விட்டார்கள், நாடகக்காரர்கள் வந்துவிட்டார்கள். எங்கு பார்த்தாலும் நாடக போஸ்டர். நடைபாதையெல்லாம் மஞ்சள் ஜிங்கோ இலைகள். போட்டோவில் அழகாக இருக்கும், அதன் பழத்தை மிதித்தால் வரும் நாற்றம் போட்டோவில் வராது.

1956இலிருந்து இருக்கும் ஹாங்னிம் தாபாங் என்ற காபிக்கடையில் மரப்படியேறி உட்கார்ந்தோம். இதுவும் ஒரு பிரபலத் தொடரில் வந்த இடம்தான், ஆனால் இங்கே யாரும் வரிசையில் நின்று போஸ் கொடுக்கவில்லை. சுவர் முழுக்க இசைத்தட்டு. மேலைச் செவ்வியல் இசை ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. காபியின் மேல் க்ரீமை மலைபோல் போட்டுத் தந்தார்கள். தங்கை அதற்காக இன்னொரு தடவை வருவேன் என்றாள்.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஹாக்ஜொன் இருந்த கட்டடம். 'இருந்த' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. பாடலாசிரியர் கிம் மின்-கி 1991 மார்ச் 15 அன்று திறந்த சின்ன அரங்கம். 2024இல் அதே மார்ச் 15 அன்று மூடினார்கள். ஜூலையில் அவரும் போய்விட்டார். இப்போது வேறு பெயரில் குழந்தைகளுக்கான அரங்காக நடக்கிறது. வாசல் பக்கம் கிம் குவாங்-சோக்கின் புடைப்புச் சிற்பம். டோங்முல்வொன் ஆரம்பித்தபோது அந்தக் குழுவில் இருந்தவர், பிறகு தனியாகப் பாடி, 1995இல் இதே அரங்கில் ஆயிரமாவது நிகழ்ச்சியை நடத்தியவர். அடுத்த ஜனவரியில் இறந்தார், 32 முடியவில்லை. சிற்பத்தின் காலடியில் யாரோ சின்னப் பூங்கொத்து வைத்திருந்தார்கள். வாடகைப் பூ இல்லை.

இருட்டியதும், பழைய இசைத்தட்டுகளைப் போடும் ஒரு எல்பி பாருக்குள் போனோம். தரைக்குக் கீழே, எட்டு மேஜை. துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதிக் கொடுத்தால், முறை வரும்போது போடுவார்கள். முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். என் எழுத்துக்கூட்டல் எப்படியோ, சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் ஏதோ கேட்டார்.

"பழசா, டிராமாவில வந்ததான்னு கேக்கறார் அக்கா."

என்னிடம் பதில் இல்லை. பழையதைத் தேடித்தான் வந்திருக்கிறேன், ஆனால் என்னை இங்கே கூட்டிவந்தது அந்தப் பெண்ணின் குரல். நான் முழிப்பதைப் பார்த்து அவரே சிரித்துக்கொண்டு ஒரு தட்டை உருவினார். ஊசி விழுந்த கரகரப்பு. அப்புறம் வெறும் கிட்டார், பயிற்சியில்லாத பக்கத்து வீட்டுப் பையன்கள் மாதிரிக் குரல்கள். ஜோடனை எதுவும் இல்லை. பக்கத்து மேஜையில் டை கட்டிய இரண்டு ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

அது முடிந்ததும் நாங்கள் கேட்காமலே இன்னொன்று போட்டார். 'சொங்சுன்', 1981. இரண்டாவது வரியில் தங்கை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது எங்க புரொஃபசர் பாடற பாட்டு. டின்னர் முடிஞ்சு கரோக்கே போனா எப்பவும் கடைசில இதைத்தான் பாடுவார். ஏதோ குடிச்சிட்டுப் புலம்பறார்னு நினைச்சேன். இதுவா உன் டிராமா பாட்டு?"

ஆமாம் என்றேன். நாலு வருஷமாக அவளுக்குத் தெரிந்த பாட்டு.

பத்தரைக்கு ஹேஹ்வா ஸ்டேஷன் வாசலில் பிரிந்தோம். அவள் நான்காம் லைனில் தெற்கே போய் கும்ஜொங்கில் மாறி சூவொன் போக வேண்டும். நான் பக்கத்துத் தெரு விடுதிக்கு. விடிந்தால் இன்சொன், சிங்கப்பூர், திருச்சி. "அம்மாவுக்கு அந்த நெல்லிக்காய் மாதிரி மிட்டாயைக் கொடுத்துடு, உன் பையிலயே வச்சுக்காதே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அடுத்து எப்போது பார்ப்போம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

விடுதியில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்தது: "அக்கா, ரயில்ல இருக்கேன். அந்த முதல் பாட்டு லிங்க் அனுப்பு. பழசு."

இரண்டையும் அனுப்பினேன்.