கோதுமை மா என்றால் கோதுமை மாவு அல்ல

திருமணமாகி இலங்கையின் மலையகத்திலுள்ள அட்டனுக்கு வந்த முதல் வாரம், இரவுக்குச் சப்பாத்தி போடுகிறேன் என்று நானே வாயைக் கொடுத்தேன். கணவர் கடைக்குப் போய் ஒரு கிலோ கோதுமை மா வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று மைதா.

"கோதுமை மாவு அல்லவா கேட்டேன்?"

"இதுதானே கோதுமை மா."

இருவரும் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தைதான் வழக்கைத் தீர்த்துவைத்தார். நான் கேட்டதற்கு இங்கே ஆட்டா மா என்று பெயராம். "சரி விடு பிள்ளை, வந்தது வந்துவிட்டது, ரொட்டி தட்டலாம்" என்று தேங்காயை எடுத்து உடைத்தார்.

நான் துறையூர்ப் பக்கத்துக்காரி. கணவரின் பூட்டனாரும் துறையூர், முசிறிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்தான். அதனால் வேறு நாட்டுக்குப் போகிறோம் என்ற பயம் எனக்கு அவ்வளவாக இருக்கவில்லை. திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரம், இறங்கினால் அதே தமிழ் என்று நினைத்தேன். தமிழ் அதேதான், சமையலறைக்குள் போகும்வரை. இங்கே தேங்காய்ப்பூ என்றால் துருவல். எங்கள் ஊரிலோ முளைவிட்ட தேங்காய்க்குள் உருண்டையாக இருக்குமே, அது. சுண்டல் செய் என்றார்கள், கொண்டைக்கடலையைத் தேடினேன். அவர்கள் சொன்னது வல்லாரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துப் புரட்டுவதை. முட்டைக்கோஸ் இங்கே கோவா. இரவுக்குக் கோவா என்று கேட்டதும் பால்கோவா நினைப்பில் நாக்கில் நீர் ஊறியதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் பெயர்க் குழப்பத்தைவிட என்னை அதிகம் அழவைத்தது குளிர். எங்கள் வீட்டில் இரவு என்றாலே இட்லி அல்லது தோசை. காலையில் அரைத்த மாவு துறையூர் வெயிலுக்கு மாலைக்குள் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடும். அட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் அரைத்துவைத்த மாவு மறுநாள் மாலையும் அரைத்தபடியே கிடந்தது. கம்பளியில் சுற்றினேன், விறகடுப்பின் ஓரத்தில் வைத்தேன், அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். அம்மா என் கைராசியைக் குறை சொன்னார். துவரம் பருப்பும் அப்படித்தான். இந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கிறது. இங்கே வெறுமனே பருப்பு என்று சொன்னால் அது ஏன் சிவப்பு மைசூர்ப் பருப்பையே குறிக்கிறது என்பது அப்போது விளங்கியது. இந்தக் குளிரிலும் 20 நிமிடத்தில் குழைந்துவிடும். இரண்டாம் தேங்காய்ப்பாலில் மஞ்சள், வெங்காயம், பூண்டு போட்டு வேகவைத்து, கடைசியில் தலைப்பாலை ஊற்றி, கடுகும் செத்தல் மிளகாயும் (நம் காய்ந்த மிளகாய்தான்) வாசனைக்கு ரம்பை இலையும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது வேலை.

இனி ரொட்டி. இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை தேங்காய்ப்பூ, உப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றக் கூடாது, தேங்காயிலும் ஈரம் இருக்கிறது. பிசைந்து கால் மணி நேரம் மூடிவைத்துவிட்டு, உள்ளங்கையால் தட்டி, எண்ணெய் விடாமல் கல்லில் போட வேண்டும். என் முதல் ரொட்டியைச் சப்பாத்திபோல மெல்லியதாகத் தேய்த்து வைத்தேன். ஆறியதும் அப்பளமாகிவிட்டது. "தடிப்பாகத் தட்டு. காலையில் மலைக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு மத்தியானம் வரை மெத்தென்று இருக்க வேண்டும்" என்றார் அத்தை. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் அவர். லயத்து (தோட்டத்து வரிசை வீடு) இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், கூடையை இறக்கிவைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் ஏழு பேருக்கு இரவுச் சாப்பாடு முடித்த கை அது. ஊறவைக்கவும் அரைக்கவும் புளிக்கவும் அந்த நாளில் நேரம் எங்கே இருந்தது?

தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல். செத்தல் மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், ஒரு துண்டு மாசிக் கருவாடு, அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி எலுமிச்சம்புளி பிழிவது. மிக்சியில் அரைத்தால் அது துவையல், சம்பல் அல்ல. இதில் நான் அத்தையைவிடப் பிடிவாதக்காரியாகிவிட்டேன். மாசியின் வாடை முதல் மாதம் குமட்டியது. இப்போது மாசி இல்லாத சம்பல் சப்பென்று இருக்கிறது.

மிஞ்சிய ரொட்டியை அத்தை ஒருநாளும் எறிந்ததில்லை, காய்ந்துபோனால் தேநீரில் தோய்த்தாவது தின்றுவிடுவார். முதலில் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். 1973, 74-இல் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அப்போது அவர் சிறுமி. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

2022-இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் எங்கள் வீட்டில் மட்டும் பெரிதாகப் பதற்றம் இல்லை. அத்தை விறகடுப்பை இடிக்கவிடாமல் வைத்திருந்தார். கோதுமை மா விலை ஏறியபோது மரவள்ளிக்கிழங்கை அவித்துச் சம்பலோடு சாப்பிட்டோம். தேங்காயைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. தென்னை இந்த உயரத்தில் வளராது, கீழ்நாட்டிலிருந்து லாரியில் வர வேண்டும். பிறகொரு காலத்தில் ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டியபோது, தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக் குழம்பை வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டோம். சொதியில் நான் ஒருமுறை பட்டேன்: அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சை பிழிந்தேன், பால் திரிந்து திட்டுத்திட்டாகிவிட்டது. இறக்கிவைத்துச் சூடு தணிந்த பிறகே புளி.

காய்கறிக்கு இங்கே குறையே இல்லை. நுவரெலியாவிலிருந்து வரும் கரட், போஞ்சி (பீன்ஸ்), லீக்ஸ் எல்லாம் சந்தையில் மண் காயாமல் கிடக்கும். லீக்ஸை வெங்காயத்தாள் என்று நினைத்து மேலோடு கழுவிச் சமைத்த அன்று, மாமா இரண்டு வாய் மென்றுவிட்டு மெல்ல, "மண் நல்ல மண்தான் மகள்" என்றார். நெடுக்காகக் கீறி, இதழ் இதழாக விரித்துக் கழுவ வேண்டுமாம்.

களைத்துப்போன நாளில் எதுவுமே செய்வதில்லை. மாலையில் பீத்தோவனின் பியானோ மெட்டை ஒலித்துக்கொண்டு பேக்கரி ஆட்டோ மேட்டில் ஏறி வரும். ஒரு இறாத்தல் பாண், அதாவது பேக்கரி ரொட்டி, வாங்கி, பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்தால் இரவுச் சாப்பாடு. எங்கள் ஊரில் காய்ச்சல்காரருக்குத்தான் பேக்கரி ரொட்டி வாங்குவார்கள். முதன்முதலாகப் பாணை மேசையில் வைத்தபோது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு இட்லி மாவு அரைத்தேன். செவ்வாய்க்கிழமை மாலை மூடியைத் திறந்து அத்தை எட்டிப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தேங்காய் துருவ உட்கார்ந்தார். நான் கோதுமை மாவை எடுத்தேன். அவர் சொல்கிற கோதுமை மாவைத்தான்.