அறுபத்து நான்கு விநாடி பின்தங்கிய சர்வர்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரியின் ஆர்டர் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாடகைக்கு எடுத்த இரண்டு பழைய சர்வர்கள். ஒன்றில் தளம் ஓடுகிறது, இன்னொன்றில் மெயில். தளத்தில் லாகின் செய்ய, செல்போன் ஆப் காட்டும் ஆறு இலக்கக் குறியீட்டையும் அடிக்க வேண்டும். குறியீடு மாறப்போகும் நேரத்தில் ஆப் அதைச் சிவப்பாகக் காட்டும். அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா ஒருநாள் போன் செய்தார்.

"தம்பி, செல்போன்ல ஆறு நம்பர் வருதுல்லங்க, அதை உடனே அடிச்சா தப்புங்குது. நம்பர் செவப்பாகுற வரைக்கும் காத்திருந்து அடிச்சா உள்ள விடுதுங்க."

"நெட் ஸ்லோவா இருக்கும்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எவ்வளவு துல்லியமான துப்பைக் கையில் கொடுத்திருக்கிறார் என்பது அப்போது உறைக்கவில்லை. பத்து நாள் கழித்து, சிவப்பானாலும் உள்ளே விடவில்லை. கடையில் ஒருவராலும் லாகின் செய்ய முடியவில்லை.

எனக்கு எஸ்எஸ்எச் சாவி இருந்ததால் சர்வருக்குள் போக முடிந்தது. லாக்கில் எல்லாமே 'குறியீடு தவறு' என்றுதான் இருந்தது. செல்போனைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சர்வரின் நேரத்தைக் காட்டும் 'டேட்' கட்டளையை அடித்தேன். சர்வர் ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்னால் இருந்தது. செல்போனையே நம்பிவிடக் கூடாதே என்று 'கர்ல்' கட்டளையில் ஒரு பெரிய தளத்தின் பதிலுக்கு முன்னால் வரும் ஹெடர் வரிகளை மட்டும் வரவழைத்தேன். அவற்றில் அந்தத் தளத்தின் நேரத்தைச் சொல்லும் 'டேட்' என்று ஒரு வரி வரும், விநாடிக் கணக்குக்கு அது போதும். வித்தியாசம் 64 விநாடி.

அந்த ஆறு எண்கள் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். செல்போனும் சர்வரும் ஆளுக்கொரு பக்கம் தங்கள் கடிகாரத்தைப் பார்த்து அதே எண்ணைக் கணக்கிட வேண்டும். எங்கள் தளம் முந்தைய 30 விநாடிக்கான எண்ணையும் அடுத்த 30 விநாடிக்கான எண்ணையும் ஏற்றுக்கொள்ளும். அக்கா போன் செய்த நாளில் சர்வர் சுமார் 45 விநாடி பின்னால் இருந்திருக்கும். புது எண் வந்ததும் அடித்தால் அது சர்வருக்கு இரண்டு கட்டம் முன்னால் போய்விடும். கடைசிப் பதினைந்து விநாடிக்குள் அடித்தால் ஒரே கட்டம்தான். அதனால்தான் சிவப்பானதும் உள்ளே விட்டிருக்கிறது. 60 விநாடியைத் தாண்டியதும் அந்தச் சந்தும் அடைபட்டுவிட்டது.

நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "டைம் ஸோன் மாறியிருக்கும், ஐஎஸ்டி வை" என்றார், அதாவது இந்திய நேரத்தை. எங்கு போனாலும் கிடைக்கிற ஆலோசனைதான் இது. அந்த ஆறு எண்களின் கணக்கு 1970 முதல் ஓடும் விநாடிகளை வைத்து நடப்பது. ஸோன் தப்பாக இருந்தால் காட்டப்படும் மணிதான் மாறும், குறியீடு மாறாது. தவிர, ஸோன் தப்பினால் மணிக்கணக்கில் தப்புமே ஒழிய 64 விநாடி தப்பாது.

அடுத்து, சர்வரின் கடிகார நிலையைக் காட்டும் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளை. சர்வரில் இருப்பது உபுண்டு 22.04 லினக்ஸ். அதில் இரண்டு வரி அடுத்தடுத்து இருந்தன: 'சிஸ்டம் க்ளாக் சிங்க்ரனைஸ்டு: நோ', 'என்டிபி சர்வீஸ்: ஆக்டிவ்'. என்டிபி என்பது இணையத்திலுள்ள நேர சர்வர்களிடம் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் முறை. இத்தனை நாள் நான் இரண்டாவது வரியை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். ஆக்டிவ் என்றால் வேலை செய்பவர் ஆபீசுக்கு வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம், வேலை நடக்கிறது என்று அர்த்தமில்லை.

சரி, இப்போதைக்குக் கையாலேயே திருத்திவிடலாம் என்று 'செட்-டைம்' கொடுத்தேன். 'தானியங்கி நேர ஒத்திசைவு இயங்கிக்கொண்டிருக்கிறது, மாற்ற முடியாது' என்ற பொருளில் ஒரு மறுப்பு வந்தது. தானும் செய்யாது, என்னையும் செய்ய விடாது. கோபத்தில் சிரிப்புதான் வந்தது. அன்றைக்குத் திருத்த முடியாமல் போனதும் நல்லதுக்குத்தான், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சர்வரின் பதிவேடான ஜர்னலைத் திறந்தால், நேரம் கேட்டு வாங்கும் 'டைம்சிங்க்டி' புரோகிராம் பக்கம் பக்கமாகப் புலம்பியிருந்தது: இந்த முகவரியின் 123ஆம் போர்ட்டிலிருந்து (என்டிபிக்கான வாசல் எண்) பதில் வரவில்லை, அந்த முகவரியிலிருந்தும் பதில் வரவில்லை. நான் அந்தப் புலம்பலைக் கேட்காமல் புலம்பியவரைச் சந்தேகப்பட்டேன். 'டைம்சிங்க்டி' எளிமையான புரோகிராம்தானே, 'குரோனி' இன்னும் கெட்டிக்காரத்தனமானது என்று அதை நிறுவினேன். அரை மணி நேரம் வீண். 'குரோனிசி சோர்சஸ்' அடித்தால் எட்டு நேர சர்வர்கள் வரிசையாக வந்தன, எட்டின் முன்னாலும் கேள்விக்குறி. 'ரீச்' என்ற பத்தியில் எட்டுக்கும் பூஜ்யம்.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபிடம்ப்' போட்டு, என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123ஐ மட்டும் கவனித்தேன். எங்கள் சர்வரிலிருந்து கேள்வி போகிறது. மறுபடியும் போகிறது. இன்னொரு முகவரிக்கும் போகிறது. உள்ளே ஒரு பாக்கெட்கூட வரவில்லை. இரண்டு நிமிடம் அந்த ஒருவழிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வயிற்றைப் புரட்டியது. ஒரு மாதத்துக்கு முன் ஃபயர்வாலை இறுக்கியது வேறு யாருமில்லை, நான்தான்.

சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வால் அல்ல அது. வாடகைக்கு விடும் நிறுவனம் வெளியே வைத்திருப்பது. அதற்கு ஞாபகசக்தி கிடையாது, யார் கேள்வி கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளாது. உள்ளே வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் புது ஆளாகவே பார்க்கும். அதனால் பதில்கள் வரவும் தனியாக விதி எழுத வேண்டும். டிசிபி பதில்களுக்கு ஒரு விதி இருந்தது. தளப் பெயர்களை முகவரியாக்கும் டிஎன்எஸ் பதில்களுக்காக 53ஆம் போர்ட்டை விட்டு வைத்திருந்தேன். மற்ற யுடிபி எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த ஒரு விதியை, வெப் சர்வருக்கு இது எதற்கு என்று அழித்துவிட்டேன். தளம் ஓடியது, அப்டேட் இறங்கியது, பெயர்கள் முகவரியாக மாறின. நேரத் திருத்தம் மட்டும்தான் நின்றது, அதுவும் சத்தம் போடாமல்.

புது விதியை யோசித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. 123இலிருந்து வருவதையெல்லாம் விடு என்று சொன்னால், யார் வேண்டுமானாலும் தன் பாக்கெட் 123இலிருந்து வருவதாகக் காட்டி எந்த யுடிபி போர்ட்டையும் தட்டலாம். 'குரோனி' கேள்வி கேட்கும்போது மேலே இருக்கும் தற்காலிக போர்ட் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே 123இலிருந்து கிளம்பி 32768க்கு மேலுள்ள போர்ட்டுகளுக்கு வருவதை மட்டும் அனுமதித்தேன்.

இரவு பதினொன்றரைக்கு, கடையில் யாரும் இல்லாத நேரத்தில், விதியைச் சேமித்தேன். 'ரீச்' பத்தியில் பூஜ்யம் 1 ஆனது. அப்புறம் 3, 7, 17, 37. இது எட்டின் அடிமானக் கணக்கு. கடைசி எட்டுக் கேள்விகளில் எவற்றுக்குப் பதில் வந்தது என்பதை எட்டு பிட்டுகளாகக் காட்டுகிறது. எட்டுக்கும் பதில் வந்தால் 377. உபுண்டுவின் 'குரோனி' அமைப்பில், முதல் மூன்று திருத்தங்களுக்குள் ஒரு விநாடிக்கு மேல் பிழை இருந்தால் ஒரே தாவாகத் தாவலாம் என்று இருக்கிறது. ஆகவே கடிகாரம் 64 விநாடியை ஒரே தாவில் கடந்தது. ஒரு கேள்விக்குறி நட்சத்திரமாக மாறியது, அந்த நேர சர்வரைப் பின்பற்றுகிறது என்று அர்த்தம். என் செல்போனில் வந்த எண்ணைச் சிவப்பாகக் காத்திருக்காமல் அடித்தேன், உள்ளே விட்டது.

தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை 'குரோனிசி டிராக்கிங்' பார்த்தேன். இந்தக் கடிகாரத்தின் இயல்பான பிழை பத்து லட்சத்துக்கு 19.7 பங்கு மெதுவு என்றது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி, ஆக ஒரு நாளுக்கு 1.7 விநாடி தப்பும். 64ஐ 1.7ஆல் வகுத்தால் 37 நாள், கொஞ்சம் கூட. நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணினேன். நான் ஃபயர்வாலைத் தொட்ட தேதியில் போய் விரல் நின்றது. முந்தைய நாள் கையால் நேரத்தை வைத்திருந்தால் இந்தச் சாட்சியை நானே அழித்திருப்பேன். அழித்த தெம்பில் அடுத்த மாதம் மறுபடி அக்காவிடமிருந்து போன் வந்திருக்கும்.

அப்போதுதான் மெயில் சர்வர் ஞாபகம் வந்தது. அதற்கும் அதே விதிகளை அன்றைக்கே நகலெடுத்து ஒட்டியிருந்தேன். போய்ப் பார்த்தால் அது 22 விநாடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இதைப் பின்னால் இழுக்க வேண்டும், இது வேறு மாதிரிச் சிக்கல். ஒரே தாவாக இழுத்தால் அதே 22 விநாடி இரண்டு தடவை வரும். அங்கே ஓடுவது பழைய 'டவ்காட்' என்ற மெயில் புரோகிராம். நேரம் பின்னால் போனதைக் கண்டால் தன்னையே நிறுத்திக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அதனால் அங்கேயும் ஃபயர்வால் விதியைச் சேர்த்து, 'குரோனி'யை வைத்து, அதன் அமைப்பில் தாவலுக்கான வரியை எடுத்துவிட்டு, மெதுவாக நகர்த்தித் திருத்தும்படி விட்டேன். இதே வேலைக்கான பழைய புரோகிராம் 'என்டிபிடி' என்றால் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வேகம்தான், 22 விநாடிக்குப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். 'குரோனி' அதைவிடப் பல மடங்கு வேகமாக நகர்த்தும், முழு வேகத்தில் போனாலும் சுமார் நாலரை நிமிடம் ஆகும்.

டீயை வைத்துக்கொண்டு 'டேட்' அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 22, 19, 15. 11இல் இருக்கும்போது அக்கா போன் செய்தார். உள்ளே விடுகிறதாம், ஆனாலும் சிவப்பாகும் வரை காத்திருந்துதான் அடிக்கிறாராம்.