பெயர் ஒன்றுதான், ஆள் அவரா?

சென்னையில் பேட்டண்ட், அதாவது காப்புரிமை, தேடிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் ஒரு வக்கீல் அலுவலகம் ஒரு காப்புரிமை எண்ணை அனுப்பி, இதில் சொல்லியிருப்பதை இதற்கு முன்னாலேயே யாராவது எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்கும். நாங்கள் இங்கே உட்கார்ந்து பழைய காப்புரிமைகள், ஆய்வுக் கட்டுரைகள், மெஷின் கையேடுகள் என்று எல்லாவற்றையும் துழாவி அறிக்கை எழுதுவோம். எனக்கு வாய்த்த துறை இங்க்ஜெட், மையைத் துளித்துளியாகத் தெளித்து அச்சடிப்பது. நானாகக் கேட்டு வாங்கவில்லை, கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால் மை சம்பந்தமான வேலைகளை என் பக்கம் தள்ளினார்கள். மையிலிருந்து அது வெளியே வரும் நாசில் என்ற துளைக்கு, நாசிலிலிருந்து அதை இயக்கும் மின்சுற்றுக்கு என்று போய், இன்றைக்கு பி41ஜே 2 என்ற வகைப்பாட்டு எண்ணைப் பார்த்தால் சொந்தத் தெருவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது.

இந்தத் துறையின் பழைய காப்புரிமைகளைப் படிப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் புள்ளிப்புள்ளியாய்த் தேதி அடித்திருக்குமே, அந்த முறைக்கு வேர் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் செய்த வேலை. மை நிற்காமல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், அதிர்வு கொடுத்து அதைச் சம அளவுத் துளிகளாக உடைப்பார்கள், ஒவ்வொரு துளிக்கும் வேண்டிய அளவு மின்னேற்றம் கொடுத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே வளைத்து, விழ வேண்டிய இடத்தில் விழ வைப்பார்கள், வேண்டாத துளி ஒரு குழாய்க்குள் போய் மறுபடி தொட்டிக்கே திரும்பிவிடும். 1964-இல் விண்ணப்பித்தார், 3,596,275 என்ற எண்ணில் வழங்கப்பட்டது 1971-இல். ஏழு வருஷம்!

வீட்டுப் பிரிண்டரில் இருப்பது வேறு ஜாதி, வேண்டும்போது மட்டும் துளி விடுவது. எப்சன் போன பாதையில், மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பைசோ பொருள் ஒன்று மையை அமுக்கித் தள்ளுகிறது. கேனனும் எச்பியும் போன பாதையில் ஒரு குட்டி ஹீட்டர், சில மைக்ரோசெகண்டுக்குள் மையைக் கொதிக்கவைத்து, எழும்பும் குமிழியைக் கொண்டே துளியை வெளியே எறிகிறது. துளி என்றால் சில பிக்கோலிட்டர்தான், ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்காக்கினால் வரும் பங்கு ஒரு பிக்கோலிட்டர். 1977-இல் கேனன் ஆய்வகத்தில், சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரப்பிய சிரிஞ்ச் ஊசியில் தெரியாமல் பட்டு, ஊசி முனையிலிருந்து மை தெறித்ததைப் பார்த்துத்தான் இசிரோ எண்டோவுக்கு இந்த யோசனை வந்தது என்று அந்த கம்பெனியே சொல்கிறது. எச்பியின் ஜான் வாட் தன் யோசனைக்கு, கொதிக்கும் தண்ணீர் மேலே எழும்பும் காபி பெர்கொலேட்டரைக் காரணமாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் காப்புரிமையைத் திறந்தால் அதில் சிரிஞ்சும் இல்லை, காபியும் இல்லை. திரவம், பாதை, வெப்பம் தரும் உறுப்பு, குமிழி, அவ்வளவுதான். இவர்கள் இருவருக்கும் முன்னால், 1965-இலேயே, ஸ்பெரி ராண்ட் கம்பெனியின் மார்க் நைமன் பெயரில் ஒரு காப்புரிமை இருக்கிறது, 'திடீர் நீராவி அச்சுப்பொறி' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். சூடாக்கி மையைத் தள்ளும் யோசனை அதில் இருக்கிறது, அது மெஷினாகக் கடைக்கு வரவேயில்லை. முதல் தடவை அதைப் படித்த அன்று டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.

இப்படிக் காப்புரிமைகளைப் படிப்பது ஒரு வேலை, அதன் முதல் பக்கத்தில் இருக்கும் ஆட்களைத் தேடுவது இன்னொரு வேலை. அமெரிக்கக் காப்புரிமையின் முதல் பக்கத்தில் கண்டுபிடிப்பாளர் பெயர், அவர் இருக்கும் ஊர், மாநிலம், உரிமை பெற்ற கம்பெனி, விண்ணப்பித்த நாள், மேற்கோள் காட்டிய பழைய காப்புரிமைகள், பரிசோதித்த அதிகாரி, வக்கீல் எல்லாம் இருக்கும். ஊரைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடலாம். ஓரிகானில் கோர்வாலிஸ் என்றால் எச்பியாக இருக்கும், ஆஸ்திரேலியாவில் பால்மெய்ன் என்றால் சில்வர்புரூக் என்ற ஆராய்ச்சிக் கம்பெனி. வழக்கு நடக்கும்போது, அந்தக் காலத்தில் அந்தத் துறையில் கைவைத்து வேலை செய்தவர் யாராவது நிபுணராக வந்து சாட்சி சொல்வாரா என்று வக்கீல்கள் தேடுவார்கள். அப்போது எங்களிடம் கேட்பது: இந்தப் பத்துப் பதினைந்து பெயர்களும் இன்றைக்கு எங்கே, தொழில் உரிமம் ஏதும் வைத்திருக்கிறார்களா, அதன் மீது நடவடிக்கை ஏதும் உண்டா? எதிர்த்தரப்பு வக்கீல் எப்படியும் இதைத் தோண்டுவார், அதற்குள் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஆபீசில் 'லைசன்ஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். காப்புரிமையைப் பயன்படுத்த ஒரு கம்பெனி இன்னொன்றுக்குக் கொடுப்பது ஒன்று. ட்ரைடென்ட் கம்பெனி தன் பிரிண்ட்ஹெட்டுக்கு, அதாவது மெஷினில் மையைத் துளியாக விடும் பகுதிக்கு, லைசன்ஸ் கொடுக்கும்போது மையையும் தன்னிடமே வாங்க வேண்டும் என்று கட்டி வைத்தது, அந்த வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போய், காப்புரிமை இருக்கிறது என்பதற்காக மட்டும் சந்தையில் ஆதிக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று 2006-இல் தீர்ப்பானது. அது வேறு கதை. இன்னொரு லைசன்ஸ், ஒரு மனிதர் தன் தொழிலைச் செய்ய அரசு கொடுப்பது: டாக்டர், நர்ஸ், கட்டட இன்ஜினியர். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கொடுக்கிறது. பல மாநிலங்களில் பெயரையோ எண்ணையோ போட்டால் உரிமத்தின் வகை, எப்போது கொடுத்தார்கள், எப்போது முடிகிறது, ஒழுங்கு நடவடிக்கை உண்டா எல்லாம் யாரும் பார்க்கும்படி வந்துவிடும்.

நான் சறுக்கியது அங்கேதான். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். பதினான்கு பெயர் கொண்ட ஒரு பட்டியல், அதில் ஒருவர் பிரிண்ட்ஹெட் சூடேற்றி பற்றி எண்பதுகளில் நிறைய எழுதியவர், வக்கீல் அலுவலகம் மிகவும் விரும்பிய ஆள். அவர் இருந்த மாநிலத்தின் உரிமப் பதிவேட்டில் பெயரைப் போட்டேன். வந்தது: தொழில்முறை இன்ஜினியர் உரிமம், அதே பெயர், பக்கத்து ஊர், சிவப்பு எழுத்தில் ஒரு ஒழுங்கு நடவடிக்கை. எனக்குப் பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். தடித்த எழுத்தில் போட்டு அறிக்கையை முடித்தேன். அது அப்படியே போய்விட்டது.

ஆறு நாள் கழித்து மெயில் வந்தது. வக்கீல் அந்த மனிதரிடம் போனில் பேசியிருக்கிறார், பேச்சுவாக்கில் அந்த நடவடிக்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம், அந்தப் பெயரில் இன்னொருவர் இருக்கிறார், அவருக்கு வர வேண்டிய கடிதம்கூட எனக்கு ஒருமுறை வந்தது, என்னிடம் எந்த உரிமமும் எப்போதும் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு, இந்த வழக்கே எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். அறுபது வயதைத் தாண்டியவர். நான் போய்ப் பார்க்கவே முடியாத ஓர் ஊரில், தன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, செய்யாத தப்புக்குப் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கிறது, நான் எழுதிய ஒரு வரியால்.

எங்கள் மேடம் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. உரிமப் பக்கத்தைத் திரையில் திறந்து வைத்து, "என்னம்மா, எதை வச்சு இவர்தான் அவர்னு எழுதினீங்க?" என்று கேட்டார். பெயரும் மாநிலமும் என்றேன். "பிரிவு என்ன போட்டிருக்கு, பாருங்க." சிவில். "உரிமம் கொடுத்த வருஷம்?" 1969. நம் ஆள் காலேஜ் முடித்ததே 1975-இல், அது அவருடைய கட்டுரை ஒன்றின் அடியில் இருந்த சிறு குறிப்பில் இருக்கிறது, அந்தக் கட்டுரையை நானே அறிக்கையில் சேர்த்திருந்தேன். காப்புரிமைகள் எல்லாவற்றிலும் அவர் பெயருக்கு நடுவில் ஓர் எழுத்து உண்டு, உரிமத்தில் இல்லை. எல்லாம் ஒரே திரையில் இருந்தது. நான் பார்த்தது பெயரையும் அந்தச் சிவப்பு எழுத்தையும் மட்டும்.

அதைவிட அடிப்படையான ஒன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அமெரிக்காவில் இன்ஜினியருக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் முதலில் வந்தது வயோமிங்கில், 1907-இல். தகுதியில்லாதவர்கள் இன்ஜினியர் என்று கையெழுத்துப் போட்டு நீர்ப்பாசன வரைபடங்களைக் கொடுத்துக்கொண்டிருந்ததால் வந்த சட்டம். பொதுமக்களுக்கு நேரடியாக வேலை செய்து கொடுப்பவருக்காகத்தான் அந்த ஏற்பாடு. பொருள் தயாரிக்கும் கம்பெனிக்குள் சம்பளத்துக்கு வேலை செய்யும் இன்ஜினியருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் விலக்கு உண்டு. அதனால் பிரிண்டர் கம்பெனியில் ஆயுள் முழுக்க வேலை செய்தவர் உரிமம் வாங்காமலே ஓய்வு பெறுவது ரொம்பச் சாதாரணம். பதிவேட்டில் அவர் பெயர் இல்லாதிருப்பதுதான் இயல்பு. இருந்தால் அல்லவா நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து என் எக்செல் ஷீட்டில் ஒரு நெடுவரிசை கூடியது. தலைப்பு மேடம் கேட்ட அதே கேள்வி: எதை வைத்து? ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எழுத வேண்டும். பெயர் மட்டும் என்றால் அறிக்கையில் சேர்க்கக் கூடாது. கூட்டாகப் பெயர் போட்டவர்கள், கம்பெனி, ஊர், வருஷங்கள் இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். கெட்ட செய்தி என்றால் மூன்று, அது நானே எனக்குப் போட்டுக்கொண்டது.

ஆனால் இந்த விதியும் எல்லா இடத்திலும் காப்பாற்றாது. ஸ்வீடனின் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்க்ஜெட் காப்புரிமைகளில் அவருடைய 2,566,443 ரொம்பப் பழையது, 1951. மெல்லிய குழாய் முனையிலிருந்து மையைப் பீய்ச்சி, நகரும் காகிதத்தில் அளவுகளைப் பதிவு செய்யும் கருவி. இதே பெயர் 1958-இல் இன்னொரு இடத்தில் வருகிறது: மனித உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்திய பேஸ்மேக்கர். என் விதிப்படி துறை வேறு, வருஷம் வேறு, ஆள் வேறு என்று எழுதிவிடுவேன். ஆள் ஒருவரேதான். டாக்டருக்குப் படித்தவர், மருத்துவக் கருவி செய்பவராக ஆனார், அந்த மை எழுதியது இதயத் துடிப்பின் கோட்டை. பொருந்தவில்லை என்பதை வைத்து ஆளைப் பிரிப்பதும் தப்பாகப் போகலாம் என்பதற்கு புதிதாகச் சேருபவர்களிடம் இதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

நானும் இப்படியொரு பட்டியலில் இருக்கிறேன். இந்தியாவில் பேட்டண்ட் ஏஜென்ட், அதாவது மற்றவர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைக் கவனிப்பவர், ஆக வேண்டுமென்றால் அறிவியல் அல்லது இன்ஜினியரிங் பட்டம் வேண்டும், காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதமும் மொத்தத்தில் 60 சதவீதமும் எடுக்க வேண்டும். தேறினால் பெயரும் எண்ணும் பொதுப் பதிவேட்டில் ஏறும், கட்டணம் கட்டாமல் விட்டால் இறங்கிவிடும். என் பெயர் ஏறிய அன்று அப்பாவுக்குப் போனில் காட்டினேன். இனிஷியலை விரித்து, தன் பெயர் கடைசியில் குடும்பப் பெயர் மாதிரி நிற்பதைப் பார்த்து, "இது யாரும்மா, என் பேரா?" என்று கேட்டார்.

இந்த இனிஷியல் விஷயம் எங்கள் தேடலில் தினமும் வருகிறது. நம் ஊரிலிருந்து போய் அமெரிக்கப் பிரிண்டர் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள் நிறையப் பேர். ஒருவர் பெயர் ஒரு காப்புரிமையில் இனிஷியல் கடைசியில் ஒற்றை எழுத்தாக, இன்னொன்றில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக, மூன்றாவதில் அப்பா பெயர் முன்னால் வந்து அவர் பெயரே குடும்பப் பெயராக நிற்கும். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். அமெரிக்க சகாக்கள் இதைப் பார்த்துத் திணறுவார்கள், எனக்கு ஒரு நொடியில் தெரியும். தெரியும் என்று நினைத்துத்தான் முன்பும் சறுக்கினேன் என்பதால் கையை இழுத்துக்கொள்வேன்.

போன மாதம் அப்படி ஒரு வரிசை. மூன்று காப்புரிமை, மூன்று விதமாகப் பெயர், கம்பெனி இரண்டு, ஊர் இரண்டு. கூடப் பெயர் போட்டவர்களில் பொதுவான ஒருவர்கூட இல்லை. 'எதை வைத்து?' என்ற நெடுவரிசையில் ஒரு வாரமாக ஒன்றும் எழுதவில்லை, 'உறுதி இல்லை' என்று போட்டு அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். சரி, கடைசியாக ஒரு தடவை என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பேட்டண்ட் சென்டர் என்ற இணையதளத்தில் மூன்று விண்ணப்பங்களின் முழுக் கோப்பையும் திறந்தேன். ஒவ்வொன்றிலும் கண்டுபிடிப்பாளர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் ஸ்கேன் செய்து வைத்திருந்தது. தட்டச்சில் பெயர் மூன்று விதம். கீழே கையெழுத்து மூன்றிலும் தமிழில், இனிஷியல் முன்னால், கடைசி எழுத்தின் வால் ஒரே மாதிரி மேலே வளைந்து கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. ஆவண எண்களையும் பக்க எண்களையும் குறித்துக்கொண்டு, 'கையெழுத்து' என்று அந்தக் கட்டத்தை நிரப்பினேன்.