பஸ் நிறுத்தத்துக் கல்

இன்று ஜூலை 26, கார்கில் வெற்றி நாள். காலையில் அரூர் பஸ்ஸுக்கு நின்றபோது, 1999-ல் கார்கில் போரில் உயிர்விட்ட எங்கள் ஊர் வீரரின் அம்மா சாமந்திச் சரத்தோடு வந்தார். முந்தானையை நனைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல மெதுவாக நினைவுக்கல்லைத் துடைத்தார். பெயரில் பூசிய பொன் வண்ணம் உதிர்ந்துவிட்டது. விரலால் தடவித்தான் படிக்க முடிகிறது. "கண்ணு, எழுத்து தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது ஆயா" என்றேன். பொய்தான். மனசு கேட்கவில்லை.

மாட்டு மந்தையை மீட்கப் போய் விழுந்தவனுக்கும் கல் நட்ட மண் இது. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்த பல்லவர் காலத்து நடுகற்கள் தருமபுரிப் பக்கம் எத்தனையோ! அவற்றில் வீரர்கள் கையில் வில்லோடு, உடம்பில் அம்பு தைத்தபடி நிற்பார்கள். பல ஊர்களில் அந்தக் கல்லையே வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்தே நிற்கிறது, இருபத்தைந்து வருஷத்துப் பெயர் அழியலாமா?

சரி, பெயிண்டும் பிரஷும் நான் வாங்கி வருகிறேன். எழுத்து நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஞாயிறு காலை ஏழு மணி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். ஊர்க்காரர்கள் யார் யார் வருகிறீர்கள்?